வண்டி வயர்லெஸுக்கு ஆன்டெனா: முதலில் இடம், பிறகு நீளம், கடைசியில் டெசிபல்

கேட்டது இது: காரில் 144, 430 மெகாஹெர்ட்ஸ் இரண்டு பேண்டிலும் (அதிர்வெண் பகுதியிலும்) வேலை செய்யும் 50 வாட் செட் ஒன்றை மாட்டப் போகிறீர்கள். ஆன்டெனா பெட்டிகளில் 3 டெசிபல், 5 டெசிபல், 7 டெசிபல் என்று போட்டிருக்கிறது. எண் கூடக்கூட நல்லதா? கூரையில் துளை போட மனம் வரவில்லை. காந்தத்தால் ஒட்டும் மவுண்ட் (தாங்கி) போதுமா, பின்கதவு விளிம்பில் மாட்டலாமா? ஓட்டுவது பாதி சமவெளி, பாதி மலைப்பாதை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஆன்டெனா என்று தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, வண்டியில் அது நிற்கப்போகும் இடத்தை முடிவு செய்யுங்கள். கூரையின் நடுவில் நிற்கும் அரை மீட்டர் சாதாரணக் கம்பி, பம்பரில் நிற்கும் விலை கூடிய நீளமான ஆன்டெனாவைப் பெரும்பாலும் தோற்கடித்துவிடும். இதற்குக் காரணம் புரிந்துவிட்டால், நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கு விடை காண்பது எளிது.

கடையில் ஆன்டெனா என்று விற்கப்படுவது பாதிதான். மறுபாதி உங்கள் வண்டியின் தகடு. அடிப்படை ஆன்டெனாவான டைபோலுக்கு இரண்டு கைகள் உண்டு. ஒவ்வொன்றும் அலைநீளத்தில் கால் பங்கு. வண்டியில் மேல்நோக்கி நிற்கும் கம்பி அதில் ஒரு கை. இன்னொரு கையின் வேலையைக் கம்பியின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் விரியும் உலோகப் பரப்பு செய்கிறது. இதைத்தான் கிரவுண்ட் பிளேன் என்கிறோம். நீங்கள் மைக் பட்டனை அழுத்தியதும் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் ஏறி இறங்குகிறதோ, அதற்கு ஈடான மின்னோட்டம் கூரைத் தகட்டிலும் ஓடியாக வேண்டும். ஓடப் பரப்பு இல்லையென்றால் அது கேபிளின் வெளிப்புற வலையில் இறங்கி, செட்டின் உடல்வரை வந்து நிற்கும். மைக் சூடு வைப்பதுபோல் உதட்டில் சுரீரென்பது, பேசும்போது வண்டியின் ஸ்டீரியோ கரகரப்பது எல்லாவற்றுக்கும் பல நேரம் இதுதான் மூலம்.

எவ்வளவு பரப்பு வேண்டும் என்பதைக் கணக்கிடுவது எளிது. 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 146 மெகாஹெர்ட்ஸுக்கு அது 2.05 மீட்டர். கால் பங்கு 51 செ.மீ. கம்பியின் தடிமனாலும் முனையின் விளைவாலும் நடைமுறையில் 49 செ.மீ. அருகே வெட்ட வேண்டியிருக்கும். 435 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 17 செ.மீ. சிட்டிசன் பேண்ட் எனப்படும், பொதுமக்கள் பயன்படுத்தும் 27 மெகாஹெர்ட்ஸுக்கு அதுவே ஏறக்குறைய 2.75 மீட்டர். கம்பியின் அடியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது இதே அளவு உலோகம் இருந்தால் திருப்தி. சாதாரணக் காரின் கூரை ஒரு மீட்டருக்கு மேல் அகலம் கொண்டது. ஆக 144 பேண்டுக்கு அதன் நடுப்பகுதி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. 430 பேண்டுக்குத் தாராளம். 27 மெகாஹெர்ட்ஸுக்கோ எந்தக் காரின் கூரையும் போதாது. மொத்த உடலும், அது நிற்கும் தரையும் சேர்ந்துதான் அங்கே இன்னொரு கை. அதனால்தான் 27 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா, எங்கே எப்படி மாட்டுகிறோம் என்பதற்கு அவ்வளவு முரண்டு பிடிக்கிறது.

இடம் நகர்ந்தால் என்ன ஆகும்? உலோகம் எந்தப் பக்கம் அதிகம் விரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் சிக்னல் கூடும், எதிர்ப்பக்கம் குறையும். பின் இடது மூலையில் மாட்டினால் முன் வலது திசையில் நன்றாகப் போகும். பின்னால் வருபவருக்கு மெலிந்து கேட்கும். கூரையின் பின்விளிம்பு வரை இது பெரிய கேடில்லை. ஆனால் பம்பரிலோ பானெட்டின் பக்கவாட்டிலோ மாட்டினால் கதை வேறு. ஆன்டெனாவின் அடிப்பாகம்தான் அதிகமாகக் கதிர்வீசும் பகுதி. அது கூரைக்குக் கீழே இறங்கிவிட்டால் வண்டியின் உடலே ஒரு பக்கத்தை மறைக்கிறது. அந்தப் பக்கம் பல டெசிபல் போய்விடும், எந்த விலையுயர்ந்த ஆன்டெனாவும் அதை மீட்டுத் தராது.

இனி டெசிபல், அதாவது இரண்டு சக்திகளை ஒப்பிடும் அளவு. ஆன்டெனா ஒரு மில்லிவாட்டைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் தூரம் பாயும், ஆனால் நனையும் அகலம் குறையும்; வருகிற தண்ணீர் அதேதான். கெய்ன், அதாவது டெசிபலில் சொல்லப்படும் இந்தக் குவிப்பு, உள்ள ஆன்டெனா செய்வதும் அதுவே. வானத்தை நோக்கி வீணாகப் போகும் சக்தியை அடிவானத்தை நோக்கித் தட்டையாக்குகிறது. எவ்வளவு கெய்னோ அவ்வளவு தட்டை.

பெட்டியில் உள்ள எண்ணைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். எதோடு ஒப்பிட்ட டெசிபல்? எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் டி.பி.ஐ., டைபோலோடு ஒப்பிட்டால் டி.பி.டி. இரண்டுக்கும் வித்தியாசம் 2.15. எந்தக் கம்பியையும் மாற்றாமல், ஒப்பீட்டை மாற்றியே 3-ஐ 5 என்று எழுதிவிடலாம். வெறும் டெசிபல் என்று மட்டும் போட்டிருந்தால் நான் அதை டி.பி.ஐ. என்றே எடுத்துக்கொள்வேன். இரண்டாவது, எந்த பேண்டில்? இரண்டு பேண்ட் ஆன்டெனாவில் பெரிய எண் பெரும்பாலும் 430 பேண்டுக்கு உரியது. அங்கே அலை குட்டையாக இருப்பதால் ஒரு மீட்டர் கம்பியிலேயே இரண்டு மூன்று துண்டுகளை அடுக்கிவிட முடியும். அதே கம்பி 144 பேண்டில் சாதாரணக் கம்பியைவிடச் சற்று மேல், அவ்வளவுதான்.

144 பேண்டில் எல்லோரும் ஆசைப்படுவது எட்டில் ஐந்து அலை ஆன்டெனா. ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரம், அடியில் ஒரு சிறு காயில் (கம்பிச் சுருள்). எல்லையில்லாத உலோகத் தரையின் மேல் கால் அலைக் கம்பியைவிட இது 3 டெசிபல் வரை கூடுதல் தரும் என்பது ஏட்டுக் கணக்கு. கார் கூரை எல்லையில்லாதது அல்ல. அங்கே கிடைப்பது ஒன்றிரண்டு டெசிபல். கூரை ஓரத்தில் மாட்டினால் அதுவும் உறுதியில்லை, ஏனென்றால் தகடு போதாதபோது இதன் வீச்சு மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். 3 டெசிபல் என்பது சக்தி இரட்டிப்பாவது என்றாலும், சிக்னலின் வலிமையைக் காட்டும் ரேடியோவின் எஸ்-மீட்டரில் அது அரைப் புள்ளி. தெளிவாகக் கேட்கும் இடத்தில் இந்த வித்தியாசம் காதுக்கே தெரியாது. சிக்னல் அறுந்து அறுந்து வரும் எல்லையில் மட்டும் தெரியும். அந்த எல்லையில் ஓட்டுபவருக்கு, குறிப்பாக டிஜிட்டல் செட் வைத்திருப்பவருக்கு, இது கணக்கில் வரும். டிஜிட்டலில் இரைச்சல் மெல்ல மெல்லக் கூடுவதில்லை. ஒரு கணம் முழுத் தெளிவு, அடுத்த கணம் ஒன்றுமே இல்லை.

மலைப்பாதை என்றீர்களே, அங்கே நிலைமை தலைகீழ். பள்ளத்தாக்கில் நிற்கும் வண்டிக்கு ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம், அடிவானத்தில் இல்லை. தலைக்கு மேலே, சில நேரம் செங்குத்தான சரிவின் உச்சியில் இருக்கிறது. அல்லது மலைமுகட்டில் வளைந்து மேலிருந்து இறங்கி வருகிறது சிக்னல். தட்டையாக வீசும் ஆன்டெனா அந்தக் கோணத்தைத் தவறவிடும். கால் அலைக் கம்பியின் வீச்சு பருமனானது, மேலும் கீழும் தாங்கும். ஆஸ்திரேலியாவில் 477 மெகாஹெர்ட்ஸ் அருகே இயங்கும் யு.எச்.எஃப். சிட்டிசன் பேண்டைப் பயன்படுத்தும் நெடுந்தூர ஓட்டுநர்கள் இதை நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள். ஒரே மவுண்ட், இரண்டு கம்பிகள். பரந்த சமவெளிக்கு நீளமான உயர்கெய்ன் கம்பி. மலையிலும் காட்டிலும் ஊருக்குள்ளும் குட்டைக் கம்பி. உங்களுக்கும் இதுவே சரிவரும் என்று நினைக்கிறேன்.

நீளமான கம்பிக்கு இன்னொரு சிக்கல், வேகம். நெடுஞ்சாலையில் காற்று அதைப் பின்னுக்குச் சாய்க்கும்போது முன்பக்க வீச்சு வானத்துக்கும் பின்பக்க வீச்சு சாலைக்கும் போகும். வீச்சு தட்டையாக இருக்க இருக்க இந்தச் சாய்வு அதிகமாக உறைக்கும். அடியில் ஸ்பிரிங் வைத்தால் மரக்கிளையில் அடிபட்டு முறியாமல் தப்பும், ஆனால் சாய்வு இன்னும் கூடும். 1.3 மீட்டர் கம்பியைக் காரின் கூரையில் வைத்தால் மொத்த உயரம் மூன்று மீட்டரை நெருங்கும் என்பதையும் அடுக்குமாடி வண்டி நிறுத்தத்துக்குள் நுழையும்முன் நினைவில் வையுங்கள். மடக்கும் கீல் உள்ள கம்பியாக இருந்தால் நல்லது.

தூரத்தைப் பற்றிய எதிர்பார்ப்பையும் இங்கேயே நேர்செய்துகொள்ளலாம். வி.எச்.எஃப். (144 பேண்ட்), யு.எச்.எஃப். (430 பேண்ட்) அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகிறவை. தடையற்ற தரையில் ரேடியோ அடிவானத்தின் தூரம், ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வரும். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா என்றால் 5.8 கி.மீ. அதேபோன்ற இன்னொரு வண்டியோடு பேசினால் இரண்டையும் கூட்டி 11 அல்லது 12 கி.மீ. 100 மீட்டர் உயரத்து ரிப்பீட்டரோடு என்றால் 47 கி.மீ. அதற்கு அப்பாலும் சிக்னல் மெலிந்து வளைந்து போகும், அங்கே கெய்ன் கொஞ்சம் கை கொடுக்கும். ஆனால் நடுவில் நிற்கும் குன்றை எந்த டெசிபலும் துளைக்காது.

ஆன்டெனாவுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியைக்கூடப் பலர் கேபிளுக்குக் கொடுப்பதில்லை. எனக்கு இதில்தான் மிகுந்த ஆதங்கம். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் இழப்பு இது. வழக்கமான ஆர்.ஜி.-58 கேபிள் 5 மீட்டர் நீளத்தில் 146 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1 டெசிபலைத் தின்றுவிடும். 435-இல் ஒன்றரை முதல் இரண்டு டெசிபல். காந்த மவுண்டுகளோடு வரும் மெல்லிய ஆர்.ஜி.-174 கேபிளில் அதே 5 மீட்டருக்கு 435-இல் 3 டெசிபல்வரை போகும். அதாவது 50 வாட்டில் பாதி கேபிளைச் சூடாக்கவே சரியாகிவிடும். கேட்கும்போதும் அதே இழப்பு. கூடுதல் காசு கொடுத்து வாங்கிய 3 டெசிபல் கெய்னை மெல்லிய கேபிள் அப்படியே விழுங்கிவிட்டால், குட்டைக் கம்பியும் நல்ல கேபிளும் வாங்கியவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. எல்.எம்.ஆர்.-240 வகை கேபிள் ஆர்.ஜி.-58-இன் இழப்பில் பாதியளவே தரும். தடிமன் சற்று கூடும், கதவு இடுக்கில் நுழைப்பது கடினம். மெல்லிய கேபிளே வேண்டும் என்றால், கதவைத் தாண்டும் ஒரு சாண் மட்டும் மெல்லியதாகவும் மீதி தடிமனாகவும் வரும் தொகுப்புகள் உண்டு.

கேபிள் இத்தனை அடிதான் இருக்க வேண்டும் என்று 27 மெகாஹெர்ட்ஸ்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஆன்டெனா சரியாகப் பொருந்தியிருந்தால் கேபிளின் நீளம் இழப்பைத் தவிர எதையும் மாற்றாது. நீளத்தை மாற்றினால், பொருத்தத்தை அளக்கும் மீட்டர் காட்டும் எண் பெரிதாக மாறுகிறது என்றால் ஆன்டெனாவிலோ கிரவுண்டிலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். தேவையான அளவு, ஒரு முழம் கூடுதல், போதும்.

மவுண்டுக்கு வருவோம். கூரையில் துளை போட்டு மாட்டும் என்.எம்.ஓ. மவுண்ட் மின்னியல் நோக்கில் எல்லாவற்றிலும் உயர்ந்தது. முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. துளை. சுற்றிலும் தகட்டை நேரடியாகக் கவ்வுகிறது, அடியில் ரப்பர் வளையம் தண்ணீரை நிறுத்துகிறது, கம்பியைக் கழற்றினால் மூடி போட்டுவிடலாம். போலீஸ், தீயணைப்பு வண்டிகளில் இதைத்தான் பார்ப்பீர்கள். வண்டியைப் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், வயர்லெஸ் உங்கள் வேலைக்கே அவசியம் என்றால் தயங்காமல் துளை போடச் சொல்வேன். ஆனால் அதைச் செய்பவர் கூரையின் உள்துணியை இறக்கிப் பார்த்துவிட்டே செய்ய வேண்டும். குறுக்குச் சட்டங்கள், விளக்குக்குப் போகும் ஒயர்கள், பக்கவாட்டு ஏர்பேக் எங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஏர்பேக் விரியும் பாதையில் எந்தக் கேபிளும் குறுக்கே போகக் கூடாது. இது துளை போடாத மவுண்டுகளுக்கும் பொருந்தும். கதவுத் தூண் வழியாகக் கேபிளை இறக்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

காந்த மவுண்ட் நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசம் இல்லை. அதன் அடித்தட்டுக்கும் கூரைக்கும் நடுவே பெயின்ட் மட்டும் இருக்கிறது. இரண்டு தகடும் நடுவில் காப்புப் படலமும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டராகிவிடும். 144, 430 பேண்டுகளில் அந்தக் கெப்பாசிட்டர் வழியே மின்னோட்டம் தடையின்றிக் கூரைக்குப் போய்விடும். அதிர்வெண் இறங்க இறங்க இந்த வழி அடைபடும். 27-இல் சுமாராக வேலை செய்யும், அதற்கும் கீழுள்ள ஹெச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான) பேண்டுகளுக்கு ஒத்துவராது. நடைமுறைத் தொல்லைகள் வேறு வகை. அடியில் சிக்கிய மணல் பெயின்ட்டைக் கீறும், மாதக்கணக்கில் எடுக்காமல் விட்டால் வட்டமாகத் தடம் விழும், கதவு ரப்பரில் நசுங்கும் கேபிள் ஒருநாள் உள்ளே அறுந்துபோகும். வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து வைத்தாலே பாதி குறையும். வாங்கும்முன் ஒரு சிறு காந்தத்தைக் கூரையில் ஒட்டிப் பாருங்கள். கண்ணாடிக் கூரையிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. ஃபோர்டு எஃப்-150 பிக்கப் 2015 மாடலிலிருந்து அலுமினிய உடலோடு வருகிறது. அப்படிப்பட்ட வண்டிகளில் அலுமினியம் நல்ல கிரவுண்ட் பிளேன்தான், காந்தம் பிடிக்காது என்பது மட்டுமே குறை.

பின்கதவு விளிம்பு மவுண்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூரையை ஒட்டி மேலே கீல் உள்ள பின்கதவு என்றால், அதன் மேல்விளிம்பு கிட்டத்தட்டக் கூரை உயரத்தில் இருக்கும். துளை போடாதவர்களுக்கு அது நல்ல இடம். டிக்கி மூடியின் ஓரம் அதைவிட ஒரு படி கீழே. இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. மவுண்டின் அடியிலுள்ள சிறு திருகுகள் பெயின்ட்டைக் கிழித்து உலோகத்தைத் தொட வேண்டும். பெயின்ட் கெட்டுவிடுமே என்று ரப்பர் துண்டை அடியில் வைத்து இறுக்கினால் அழகாக நிற்கும், ஆனால் கிரவுண்ட் இருக்காது. மல்டிமீட்டரை வைத்து மவுண்டுக்கும் வண்டி உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பின்கதவு கூரையோடு கீல் வழியாக மட்டும் சேர்ந்திருப்பதால், பின்னிய செம்புப் பட்டை ஒன்றால் கதவையும் உடலையும் இணைத்துவிட்டால் இன்னும் நல்லது. தொட்ட இடத்தில் துருப்பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இக்காலத்துப் பின்கதவுகள் சில பிளாஸ்டிக் கலவையால் ஆனவை. அப்படியென்றால் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

கண்ணாடியில் ஒட்டும் ஆன்டெனாவை 50 வாட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். கண்ணாடி வழியே சக்தியைக் கடத்துவதில் இழப்பு, உலோகப் பூச்சுள்ள கண்ணாடியில் வேலையே செய்யாது.

கூரை உலோகமே இல்லை, அல்லது மேல் கேரியரின் கம்பியில்தான் மாட்ட வேண்டும் என்ற நிலையில் அரை அலை ஆன்டெனா கைகொடுக்கும். இதன் அடியில் மின்னழுத்தம் அதிகம், மின்னோட்டம் குறைவு. அதனால் கிரவுண்ட் பிளேனை எதிர்பார்த்து நிற்பதில்லை. உள்ளே இருக்கும் பொருத்தும் சுற்று அதை 50 ஓம் கேபிளோடு சேர்க்கிறது. 144 பேண்டில் ஒரு மீட்டர் உயரம். ஃபைபர் உடல் வண்டி, மோட்டார் சைக்கிள், பிளாஸ்டிக் பம்பர் எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடாமலிருக்க மவுண்டுக்கு அருகே நாலைந்து ஃபெரைட் வளையங்களைக் கோத்துவிடுங்கள். ஃபைபர் கூரைக்கு இன்னொரு வழி, உள்துணிக்கு மேலே தகடோ செம்பு வலையோ ஒட்டி, மவுண்டின் அடிப்பாகத்தை அதோடு இணைப்பது. 50 செ.மீ. ஆரம் கிடைத்தால் கால் அலைக் கம்பியே நன்றாக வேலை செய்யும்.

ஒரே கம்பியில் இரண்டு பேண்ட் என்பதிலும் ஒரு நுணுக்கம். 49 செ.மீ. சாதாரணக் கம்பி 435-இல் முக்கால் அலையாக ஒத்திசையும். மீட்டரில் பார்த்தால் பரவாயில்லை என்றே காட்டும். ஆனால் முக்கால் அலையின் முதன்மை வீச்சு ஏறத்தாழ 45 பாகை மேல்நோக்கிப் போகும். ஊருக்குள் ரிப்பீட்டர் பக்கத்தில் என்றால் பிழைத்துக்கொள்ளலாம், சமவெளியில் தூரத்தோடு பேச முடியாது. 430 பேண்டை உண்மையாகவே பயன்படுத்துவீர்கள் என்றால், நடுவில் காயிலோ, ஒரு பேண்டை மட்டும் தடுக்கும் டிராப் என்ற சுற்றோ வைத்து இரண்டு பேண்டுக்கும் வடிவமைத்த கம்பியை வாங்குங்கள்.

27 மெகாஹெர்ட்ஸுக்கும் அதன் கீழுள்ள ஹெச்.எஃப்.-க்கும் நீளமே ராஜா. 2.6 மீட்டர் எஃகுக் கம்பிக்குப் பக்கத்தில் அரை மீட்டர் காயில் கம்பி நிற்கவே முடியாது. குட்டையாக்கினால் காயிலில் சக்தி சூடாகும், ஒத்திசையும் அதிர்வெண் அகலமும் சுருங்கும். காயில் அடியில் இருப்பதைவிட நடுவிலோ மேலேயோ இருப்பது நல்லது. 3.5 மெகாஹெர்ட்ஸில் 2.5 மீட்டர் கம்பியின் கதிர்வீச்சுத் தடை ஒரு ஓமைக்கூடத் தொடாது. காயிலும் கிரவுண்டும் சேர்ந்து பல ஓம். கொடுக்கும் சக்தியில் சில சதவீதம்தான் வெளியே போகும் என்பது அங்கே இயல்பு. லாரியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டும் 27 மெகாஹெர்ட்ஸ் ஜோடி ஆன்டெனா, ஏறக்குறைய 2.7 மீட்டர் இடைவெளி இருந்தால்தான் பயன் தரும். அது காருக்கு அலங்காரம் மட்டுமே.

மாட்டிய பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். பார்க்காமல் முழுச் சக்தியில் பேசாதீர்கள். ஆன்டெனா ஏற்காமல் எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் அது. 1.5 என்றால் 4 சதவீதம் திரும்பி வருகிறது. 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். 1.5-க்குக் கீழே வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். 1.1-ஆக்கப் பாடுபடுவதால் எதிர்முனையில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. 2 வரைகூட ஏற்கலாம், அதைத் தாண்டினால் பல செட்டுகள் தம்மைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கத் தொடங்கும். எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பதாலேயே ஆன்டெனா நன்றாக வீசுகிறது என்று நம்பிவிடவும் கூடாது. சோதனைக்காக வைக்கும் 50 ஓம் டம்மி லோடு துல்லியமாக 1 காட்டும், எதையும் வீசாது. இழப்பு மிகுந்த கேபிளும் திரும்பி வரும் அலையைத் தின்றுவிட்டு மீட்டரில் நல்ல பெயர் வாங்கிக்கொடுக்கும்.

அளக்கும்போது வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும், கதவுகளும் டிக்கியும் மூடியிருக்கட்டும், ஆன்டெனா கடைசியாக நிற்கப்போகும் இடத்திலேயே இருக்கட்டும். நானோ வி.என்.ஏ. போன்ற சிறு கருவி கிடைத்தால் எந்த அதிர்வெண்ணில் எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைவாக இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். அந்தப் புள்ளி வேண்டிய அதிர்வெண்ணுக்குக் கீழே இருந்தால் கம்பி நீளம், மேலே இருந்தால் குட்டை. 146 அருகே கால் அலைக் கம்பியில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 3.4 மி.மீ. கணக்கு. 435-இல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, அங்கே வெட்டுவதைவிட அரத்தால் தேய்ப்பது பாதுகாப்பு. இன்னொன்று, மல்டிமீட்டரில் ஆன்டெனாவின் நடுமுனையும் வெளிப்புறமும் ஒட்டியிருப்பதுபோல் காட்டினால் பதறாதீர்கள். அடியிலுள்ள காயில் நேரடியாகக் கிரவுண்டோடு இணைந்த வடிவமைப்புகளில் அது இயல்பு.

கூரைக்கு நான் இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் தூரம் மட்டும் இல்லை. உலோகக் கூரை, மேலே வீசும் சக்திக்கும் உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்கும் நடுவே திரையாக நிற்கிறது. பொதுமக்களுக்கான பன்னாட்டு வரம்பு இந்த அதிர்வெண் பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு 2 வாட். 50 வாட்டை டைபோலுக்கு இணையான ஆன்டெனாவில் தொடர்ந்து விட்டால் அந்த அளவு 1.8 மீட்டர் தூரத்தில் வருகிறது. டிக்கி மூடியில் ஆன்டெனாவை மாட்டினால் பின்சீட்டில் இருக்கும் குழந்தையின் தலை, நடுவில் வெறும் கண்ணாடியோடு, அதைவிடப் பக்கத்தில் இருக்கும். பட்டனை விட்டு விட்டுத்தான் அழுத்துகிறோம், சராசரி குறையும் என்பது உண்மையே. இருந்தாலும் தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்க வேண்டும். வண்டியைச் சுற்றி ஆட்கள் நிற்கும்போது 5 அல்லது 10 வாட்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

கூரை நடு இடத்துக்கு இன்னும் ஒரு நன்மை, இரைச்சல் குறைவு. இன்ஜினின் பற்றவைப்பு, டேஷ்கேமரா, மலிவான யு.எஸ்.பி. சார்ஜர், எல்.இ.டி. விளக்கின் சுற்று எல்லாம் இந்த பேண்டுகளில் கரகரப்பை உமிழ்பவை. மெலிந்த நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். சில வண்டிகளில் டேஷ்கேமராவை அணைப்பது எந்தக் கெய்ன் ஆன்டெனாவும் தராத முன்னேற்றத்தைத் தரும்.

உங்களுக்கு நான் சொல்வது: காந்தம் கூரையில் ஒட்டுகிறது என்றால், என்.எம்.ஓ. கம்பிகளைத் திருகும் தலை உள்ள பெரிய காந்த மவுண்ட் ஒன்று, ஆர்.ஜி.-58-க்குக் குறையாத கேபிளோடு, அளவான நீளத்தில். அதைக் கூரையின் நடுவில் வையுங்கள். முதலில் அரை மீட்டர் அளவுள்ள இரண்டு பேண்ட் கம்பி. 50 வாட் தாங்கும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், குட்டைக் கம்பிகள் சில தாங்காது. மலைப்பாதைக்கும் அன்றாடத்துக்கும் அதுவே போதும். சமவெளியில் சிக்னல் எல்லையில் தொங்குகிறது என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்த பிறகு, அதே மவுண்டில் திருகும் ஒரு மீட்டர் கம்பி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். காந்தம் ஒட்டவில்லை, பின்கதவு உலோகம்தான் என்றால் விளிம்பு மவுண்டும் செம்புப் பட்டையும். பின்கதவும் பிளாஸ்டிக் என்றால் கேரியரில் அரை அலை ஆன்டெனா. நாளைக்கு வண்டியை மாற்றினாலும் என்.எம்.ஓ. கம்பிகள் அப்படியே கூட வரும். துளை போடும் எண்ணம் எப்போதாவது வந்தாலும் புதிதாகக் கம்பி வாங்க வேண்டியதில்லை.